தேதி முடிந்த வாணங்கள்

அன்று வீட்டில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

மாமி இருந்தார். என் மனைவியின் உம்மா. கட்டில் விளிம்பில், கையில் தஸ்பீஹ் மணி. அதை உருட்டவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

என் மனைவி இருந்தாள். வாசல் கதவைச் சாத்திவிட்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

மச்சான் இருந்தான். மாமியின் ஒரே மகன், மனைவிக்குத் தம்பி. போட் அவனுடையது.

மச்சானின் பெண்சாதி இருந்தாள். நான் அவளைத் தங்கச்சி என்பேன். அவள் என்னை நானா என்பாள். எங்களில் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள் அவள் ஒருத்திதான்.

காக்கா இருந்தார். சொந்தம் இல்லை. தொண்ணூறில் மன்னாரில் இருந்து முஸ்லிம்கள் எல்லோரும் விரட்டப்பட்டபோது வந்தவர். எங்கள் போட்டின் என்ஜினை அவர்தான் பார்ப்பார். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு.

நான் இருந்தேன்.

நடுவில் தரையில் ஒரு பரல் இருந்தது. மூடி திருகிப் பூட்டும் சின்னப் பிளாஸ்டிக் பரல். அதற்குள் வாணங்கள்.

வாணம் என்றால் கலியாணத்துக்கு விடுகிற வாணம் இல்லை. கடலில் ஆபத்து என்றால் கொளுத்துவது. சிவப்புக் குழாய், ஒரு முழம் இருக்கும். கைவாணம் என்றால் அடியைப் பிடித்து நூலை இழுக்க வேண்டும். கையிலேயே நின்று சிவப்பாக எரியும். பரசூட் வாணம் மேலே போய் வெளிச்சத்தைத் தொங்கவிடும். நாலைந்து நாள் கடலில் நிற்கிற போட் எல்லாவற்றிலும் இது இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு தேதி அடித்திருக்கும். அந்தத் தேதி போனால் புதியது வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனையில் ஒட்டு, போட்டில் ஒட்டுகிற அனுமதிச் சீட்டு, தரமாட்டார்கள்.

புதியதை வாங்கினோம். பழையதை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

வைத்திருக்கக் கூடாது என்றார்கள். கடலில் எறியக் கூடாது என்றார்கள். ஆபத்து இல்லாமல் கொளுத்தக் கூடாது என்றார்கள். அது மூன்றும் எங்களுக்குத் தெரியும். செய்யக்கூடியது எது என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள், அடுத்த கந்தோரின் பக்கம்.

ஒரு முறை நானே கொண்டுபோனேன். மீன்பிடிக் கந்தோரில் இருந்த அதிகாரி பையைத் திறந்து பார்த்தார்.

"இது வாங்கின கடையில குடுக்க வேணும்."

கடை சிலாபத்தில். பஸ் ஏறிப் போனேன். முதலாளி சிங்களத்தில் சொன்னார், நாங்கள் விற்கிறது மட்டும்தான், நேவிக்குக் கொடு என்று. திரும்பி வந்து நேவி முகாம் வாசலில் நின்றேன். காவலுக்கு நின்ற பையன் பையைக் கண்டதும் இரண்டு அடி பின்னால் போனான். கீழே வை என்று கத்தினான். வைத்தேன். எட்டிப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"மீன்பிடிக் கந்தோருக்குக் கொண்டு போங்க அங்கிள்."

வீட்டுக்கு வந்தேன். மனைவி பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கூட்டிக்கிட்டே திரும்பி வந்திட்டீங்களா? இனி ஒரு பாயும் தலகாணியும் போட்டுக் குடுங்க. எங்களோடயே படுக்கட்டும்."

அலுமாரிக்கு மேலே வைத்தோம். அடுத்த முறை தேதி முடிந்தவையும் அங்கேதான் போயின.

வண்ணாத்திவில்லுப் பக்கம் மாமியின் தம்பிக்குக் கச்சான்கொட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற தோட்டம் இருந்தது. யானைத் தொல்லை. மச்சான் பழைய கைவாணத்தில் இரண்டைக் கொடுத்துவிட்டான். ஒரு கிழமையில் அவர் போன் எடுத்தார். மச்சான் சத்தத்தைக் கூட்டி எல்லோருக்கும் கேட்க வைத்தான்.

"ஒண்டு எரியவே இல்ல மகன். மத்தது நல்லா எரிஞ்சிச்சு."

"யானை போச்சா மாமா?"

"எங்க போற? நிண்டு பாத்திச்சு. நீ குடுத்த வெளிச்சத்தில ஒரு மூலை விடாம மேஞ்சிட்டுப் போச்சு."

மச்சான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். அன்றிலிருந்து பழையதில் பாதி செத்தது என்பது அவன் கணக்கு.

புதியவையும் வீட்டில்தான் இருக்கும். அது எங்கள் பக்கத்து வழக்கம். போட்டைக் கட்டியதும் ரேடியோ, ஜிபிஎஸ், பற்றரி, வாணப் பரல் எல்லாவற்றையும் கழற்றித் தூக்கிக்கொண்டு வருவோம். கரையில் விட்டால் காலையில் இருக்காது. அடுத்த பயணத்துக்குத் திரும்பத் தூக்கிக்கொண்டு போவோம். கெபினுக்குள், சுக்கானுக்குக் கீழே ஒரு கொக்கி. பரல் அதில் தொங்கும்.

அப்படித்தான் அன்று பரல் வீட்டில் இருந்தது.

அது தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம். செய்தவர்கள் எங்கள் பெயரை வைத்துக்கொண்டு செய்தார்கள். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. எங்கள் மாவட்டத்திலேயே ஒரு தோட்டத்தில் முன்பு வெடிமருந்து பிடிபட்டிருந்தது. இப்போது பொலிஸும் ஆமியும் முஸ்லிம் வீடுகளைச் சோதித்துக்கொண்டு வந்தார்கள். சனங்கள் பயத்தில் எதையெதையோ ஊரை ஒட்டிய களப்புத் தண்ணீரில் எறிந்தார்கள். இறைச்சிக் கத்தி, பழைய வயர்ச் சுருள், ஒருவர் பேரனின் விளையாட்டுத் துவக்கை. அடுத்த ஊர்வரை வந்துவிட்டார்கள் என்று ஜும்ஆ முடிந்து வரும்போது பள்ளி வாசலில் கதைத்தார்கள்.

மச்சான் அலுமாரிக்கு மேலே இருந்ததை எல்லாம் இறக்கினான். பரலில் புதியவை இருந்தன. பழையவையையும் அதற்குள்ளேயே அடைத்தான். மூடி திருகக் கஷ்டமாக இருந்தது.

"எறிஞ்சிருங்க" என்றார் மாமி. "முழுசையும்."

"புதுச வெச்சிக்குவம் மாமி" என்றாள் தங்கச்சி. "அது போட்டுச் சாமான். இரிக்க வேணும் எண்டு அவங்கதானே சொன்ன. ரசீதும் இரிக்கி."

"புள்ள, ரசீத ஆர் பாக்கிறது?" காக்கா சொன்னார். "அவன் தேதி பாக்க வாறானில்ல. மருந்து இருக்கா எண்டு பாக்க வாறான். பழசிலயும் மருந்து, புதுசிலயும் மருந்து."

மச்சான் பரலைத் தட்டினான்.

"டீவியில காட்டுவானுகள். மேசையில வெள்ளத் துணி விரிச்சி வரிசையா அடுக்கி. பக்கத்தில என்னையும் நிப்பாட்டி." தாடியைத் தடவினான். "போட்டோவில எனக்கு மூஞ்சி நல்லாவும் வராது."

யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப ஒண்டு" என்றாள் தங்கச்சி. "ஒண்டே ஒண்டு. ஒரு கைவாணம். அரிசி வாளிக்கு அடியில போட்டு வைக்கிறன்."

காக்கா அவளைப் பார்க்காமல் பேசினார்.

"நான் ஒளிச்சுப் பாத்தவன் புள்ள. மன்னாரில இருந்து வரக்க எங்கட உம்மாட தங்கக் காப்ப மாப் பேணிக்குள்ள போட்டம். வேற எதையும் தொடல்ல அவங்கள். நேராப் போய் மாப் பேணியத்தான் கவிட்டாங்கள். ஒளிச்ச சாமான்தான் முதல்ல ஆப்பிடும்."

மாமி அழத் தொடங்கினார். "எனக்கு ஒரு புள்ளதானே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தங்கச்சி எழுந்து குசினிக்குப் போய் அரிசி வாளியை மூடி வைத்துவிட்டு வந்தாள். மூடி திறந்துதான் இருந்திருக்கிறது.

மறுநாள் சுபஹு தொழுதுவிட்டு நானும் மச்சானும் சின்ன வள்ளத்தில் போனோம். பரலை ஒரு வலைத்துண்டில் சுற்றி, கல்லை வைத்துக் கட்டி, கண்டல் மரங்களுக்கு அப்பால் வாய்க்கால் ஆழமாகப் போகிற இடத்தில் இறக்கினோம். இறக்கியதும் மச்சான் கரையைப் பார்த்து அடையாளம் பிடித்தான். பள்ளி மினாரா தண்ணீர்த் தாங்கியின் இடது காலோடு ஒட்ட வேண்டும். சாய்ந்த தென்னை ஐஸ் வாடியின் கூரையில் ஏற வேண்டும். வலை இறக்கினால் அடையாளம் பிடிப்போம், அந்தப் பழக்கம்.

"எதுக்கு மச்சான்? திரும்ப எடுக்கவா?" என்று கேட்டேன்.

"எடுக்கல்ல. எங்க இரிக்கி எண்டு தெரியணும்தானே."

இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நாயும் வந்தது. அலுமாரியைத் திறந்தார்கள், மெத்தையைப் புரட்டினார்கள். அரிசி வாளிக்குள் கையை விட்டார்கள். முழங்கை வரை விட்டார்கள். காக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டு இருந்தார். ஒன்றும் இல்லை. வந்தவர்களில் ஒரு பையன் தண்ணீர் கேட்டான். மனைவி கொடுத்தாள். போய்விட்டார்கள்.

மாமி அல்ஹம்துலில்லாஹ் என்றார். நாங்களும் சொன்னோம். தங்கச்சியும் சொன்னாள். சரியான வேலைதான் செய்திருக்கிறோம் என்று நினைத்தோம்.

பிறகு கடல் வந்தது. அதாவது, கடலுக்குப் போகவேண்டிய நாள் வந்தது. போட் பல நாளாகக் கட்டிக் கிடந்தது. மீன் பிடித்தாலும் வாங்குவாரில்லை என்று ஒரு கதை, போனால் நேவி பிடிக்கும் என்று ஒரு கதை. மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்றுத் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கடல் மாதக்கணக்கில் வேலைக்கு ஆகாது. அதற்குள் ஒரு பயணம் போய் வர வேண்டும்.

சோதனை ஒட்டு அந்த வருடம் முடியும்வரை இருந்தது. அதனால் எங்களைத் தடுக்க ஆள் இல்லை. ஆனால் வாணம் இல்லை. பரலைத் திரும்பத் தூக்கலாம் என்றால், களப்பில் நேவி ரோந்து சுற்றிக்கொண்டு இருந்தது.

மச்சான் கடைக்குப் போனான். முதலாளி அடையாள அட்டை கேட்டார். பெயரை வாசித்தார். ஸ்டொக் இல்லை என்றார்.

"அவர்ட தலைக்கு மேல ராக்கையில இரிக்கி" என்றான் மச்சான், வந்து. "நான் ராக்கையப் பாக்கிறன். அவரும் திரும்பி ராக்கையப் பாக்கிறார். பிறகு ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தம். நல்லா இரிங்க முதலாளி எண்டு சொல்லிட்டு வந்திட்டன்."

தலவிலயில் மச்சானுக்கு ஒரு கூட்டாளி இருந்தான். கத்தோலிக்கன், போட் வைத்திருப்பவன். சின்ன வயதில் இருந்து பழக்கம். அந்த நாட்களிலும் போன் எடுத்து விசாரித்தவன். மச்சான் நிலைமையைச் சொன்னான். புதியது தர என்னிடம் மிச்சம் இல்லை, பழையது நிறையக் கிடக்கிறது, வந்து எடு என்றான் அவன்.

"தேதி முடிஞ்சதுதான். ஆனா எரியும்டா. போன திருநாளுக்கு நான் ஒண்டு விட்டுப் பாத்தன்."

"எப்பிடிடா கொண்டு வாற? வழியில மூணு இடத்தில பொலிஸ் மறிக்கி."

"பையில போட்டுக் கொண்டு போ."

"நீ கொண்டு போனா அது வாணம். நான் கொண்டு போனா அது குண்டு."

பிறகு கூட்டாளி சொன்னான், ஞாயிறு கழியட்டும், கடல் வழியாக நானே கொண்டுவந்து தருகிறேன் என்று. மச்சான் வானத்தைப் பார்த்தான். மேற்கே மேகத்தின் அடி கறுத்திருந்தது.

"ஞாயிறு வரைக்கும் கடல் நிக்காதுடா. பயணம் போய் வந்து எடுக்கிறன்."

வியாழக்கிழமை காலை போனோம். மச்சான், காக்கா, நான். தங்கச்சி கரைக்கு வந்தாள். அவள் வழக்கமாக வருவதில்லை. போட்டில் ஏறும் சாமான்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரேடியோ, பற்றரி, ஐஸ், டீசல், அரிசி, பாண். எல்லாம் ஏறியதும் திரும்பிப் போய்விட்டாள்.

முதல் நாள் நன்றாக இருந்தது. மீனும் இருந்தது. காக்கா சம்பல் இடித்தார். மச்சான் பாட்டுப் போட்டான். தன் போட்டில் கொக்கி ஒன்று சும்மா இருக்கிறது என்று சேர்ட்டைக் கழற்றி அதில் மாட்டினான்.

இரண்டாம் நாள் மத்தியானம் என்ஜின் ஒரு சத்தம் போட்டது. இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம். நின்றது. காக்கா இறங்கிப் போய்க் கழற்றிப் பார்த்தார். மேலே வரும்போது முழங்கை வரைக்கும் எண்ணெய்.

"இது கரையில செய்ற வேலை."

"இஞ்ச செய்ய ஏலாதா காக்கா?"

"கரையில எண்டு சொன்னனே."

அன்று பின்னேரமே காற்று மாறியது. கச்சான் இறங்கியது. அலை ஒன்று கெபினுக்குள் ஏறிப் பற்றரியை நனைத்தது. ரேடியோ அதோடு போனது. போனில் சிக்னல் எப்போதோ போய்விட்டது. நங்கூரம் பிடிக்காத ஆழம். போட் குறுக்காகத் திரும்பி உருளத் தொடங்கியது. தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டு இருந்தோம்.

அடுத்த நாளும் அப்படியே. அரிசி நனைந்துவிட்டது. மீனைப் பச்சையாகத் தின்றோம். காற்று எங்களை வடக்கே தள்ளிக்கொண்டு போனது என்று மட்டும் தெரிந்தது.

சூரியன் விழும் நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன் கப்பல் வந்தது.

பெரிய கப்பல். மேற்கே இருந்து வந்தது. முதலில் புள்ளி, பிறகு உடம்பு, பிறகு அதில் எரிகிற லைட்டுகள். இவ்வளவு கிட்டக் கப்பலை நான் கண்டதில்லை. ஜன்னல்கள் தெரிந்தன. ஒரு ஜன்னலில் ஆள் போனது போலவும் இருந்தது. அதைச் சத்தியம் பண்ணமாட்டேன்.

காக்காவின் கை சுக்கானுக்குக் கீழே போனது. அவர் யோசித்துச் செய்யவில்லை. பழகிய கை. கொக்கியில் மச்சானின் சேர்ட் இருந்தது. அதைப் பிடித்தபடி நின்றார்.

மச்சான் அவர் கையில் இருந்து சேர்ட்டை வாங்கினான். டீசலில் முக்கினான். மீனைக் கொளுவி இழுக்கிற கொளுவித் தடியின் முனையில் சுற்றிக் கட்டினான். கெபின் கூரையில் ஏறினான்.

"ஏறாத மச்சான்" என்றேன். "இஞ்ச நிண்டு ஆட்டு."

"இஞ்ச நிண்டா அலை மறைக்கும்."

அது உண்மை. தாழ்வில் நின்றால் அலைக்கு மேலே ஒன்றும் தெரியாது. கொளுத்தினான். முதலில் புகை, பிறகு எரிந்தது. மஞ்சள் நெருப்பு. காற்று அதைப் படுக்கவைத்தது. ஒரு கையால் ஏரியலைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் தடியை ஆட்டினான். கத்தினான். நாங்களும் கத்தினோம். காக்கா தகரத்தை அடித்தார். கப்பல் போய்க்கொண்டே இருந்தது. திரும்பவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. அதன் பின்பக்கம் எங்களுக்குத் தெரிந்தது. மச்சான் இன்னும் உயர்த்திப் பிடிக்க ஏரியலை விட்டான்.

போட் உருண்டது.

நெருப்புத்தான் முதலில் விழுந்தது. தண்ணீரில் பட்டு அணைந்தது. பிறகு அவனைக் காணவில்லை. பிறகு அவன் சத்தம் கேட்டது.

"மச்சான்! இஞ்ச!"

பின்பக்கமாகக் கேட்டது. கயிற்றை எறிந்தேன். வெறும் டீசல் கான் ஒன்றை எறிந்தேன். இருந்த லைஃப் ஜாக்கெட்டை எறிந்தேன். வெளிச்சம் போய்விட்டது. காக்கா போனில் டோர்ச் அடித்தார். அது போட்டின் விளிம்பைத் தாண்டவில்லை. குதிக்கப் போனேன். காக்கா பின்னால் இருந்து இடுப்பைச் சேர்த்துப் பிடித்தார். "எந்தப் பக்கம் குதிக்கிற? எந்தப் பக்கம் எண்டு சொல்லு, விடுறன்" என்று காதுக்குள் கத்தினார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போட்டைக் காற்றுத் தள்ளிக்கொண்டு இருந்தது. மனிதனை அப்படித் தள்ளாது. அவன் நின்ற இடத்தில் நிற்கிறான், நாங்கள் போகிறோம்.

"இஞ்ச! மச்சான், இஞ்ச!"

பிறகும் கேட்டது. தூரத்தில். பிறகு காற்று மட்டும்.

மறுநாள் மன்னார்ப் பக்கத்துப் போட் ஒன்று எங்களைக் கண்டு கட்டி இழுத்துப் போனது. கரை தெரிந்ததும் அந்த ஆட்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். காக்காவின் ஊர் அதற்கு அடுத்தது. வந்த நாளில் இருந்து அந்தக் கரையை அவர் கண்டதில்லை. போட் போய் முட்டும்வரை அவர் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தார். கடலைப் பார்த்துக்கொண்டு.

நேவியும் தேடியது. தலவிலக் கூட்டாளி, கெட்ட கடல் என்றும் பார்க்காமல் தன் போட்டைக் கொண்டு போய்த் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை.

பள்ளியில் மௌலவி என்னையும் காக்காவையும் உட்காரவைத்துக் கேட்டார். மையத்து, உடல், கிடைக்கவில்லை, அதனால் கேட்க வேண்டும் என்றார்.

"மௌத்தானதக் கண்டீங்களா?"

"விழுந்ததக் கண்டம்."

"பிறகு?"

"கேட்டிச்சு."

"பிறகு?"

"கேக்கல்ல."

மௌலவி பெரியவர்களோடு கதைத்து, மச்சான் மௌத்துத்தான் என்று முடிவு செய்தார். மையத்து இல்லாமல் ஜனாஸாத் தொழுகை நடந்தது. தங்கச்சி இத்தா, புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கிற நாலு மாதம் பத்து நாள், இருக்க வேண்டும் என்றார்கள்.

"காட்டுங்க. பிறகு இரிக்கன்" என்றாள் அவள்.

மூன்று நாள் அப்படிச் சொன்னாள். பிறகு வெள்ளை உடுத்து அறைக்குள் போனாள்.

அந்த மாதங்களில் வீட்டில் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. மாமி கட்டிலில் படுத்தார். சோறு வைத்தால் தின்பார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். நான் ஐஸ் வாடியில் கூலிக்குப் போனேன். காக்கா வேலியில் ஆள் நுழைகிற பொட்டை ஓலை வைத்து அடைத்துவிட்டார். முப்பது வருடமாக அந்தப் பொட்டால்தான் அவர் வருவார். போய்க் கேட்டேன்.

"எதுக்குக் காக்கா அடைச்ச?"

"அந்தப் புள்ள ஒண்டே ஒண்டு கேட்டிச்சு."

நாங்கள் எல்லோரும்தான் வேண்டாம் என்றோம் என்று சொன்னேன். அவர் ஓலையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

இத்தா முடிந்த நாள் தங்கச்சி குளித்து வெளியே வந்தாள். என் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். குடித்தாள். கிளாஸை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நானா, அந்தப் பரல எடுத்து வாங்க."

"எதுக்குத் தங்கச்சி?"

"எத்தன எரியும் எண்டு பாக்கணும்."

"வேணா. என்னத்துக்கு?"

"பழசில பாதி செத்தது எண்டு அவர் சொல்லுவார். எனக்குச் சரியாத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறாய்?"

"ஒண்டும் செய்யல்ல. தெரியணும்."

நேவி வந்தால் என்ன சொல்வது என்று மனைவி கேட்டாள். உள்ளதைச் சொல்வோம் என்றாள் தங்கச்சி. இதற்குமேல் என்னை என்ன செய்வார்கள் என்றாள்.

கச்சான் ஓய்ந்திருந்தது. களப்பு எண்ணெய் போலக் கிடந்தது. வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். மினாரா தண்ணீர்த் தாங்கியின் இடது காலோடு ஒட்டியது. சாய்ந்த தென்னை ஐஸ் வாடிக் கூரையில் ஏறியது. அந்த இடத்தில் குதித்தேன். இரண்டாவது முக்குளிப்பிலேயே வலை கையில் பட்டது. அடையாளம் அவ்வளவு சரியாகப் பிடித்திருந்தான்.

பரலில் பாசியும் சிப்பியும் பிடித்திருந்தன. மூடியைத் திருகினேன். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. போட்ட மாதிரியே இருந்தன. வாணங்களுக்கு இடையில் கடைக்காரனின் ரசீதும் இருந்தது. அதை யார் போட்டது என்று தெரியாது.

களப்புக்கு நடுவில் தண்ணீர் வற்றும்போது வெளிப்படும் மணல்திட்டு ஒன்று இருக்கிறது. அங்கே போனோம். தங்கச்சி, என் மனைவி, நான். மாமி வரவில்லை. வள்ளத்தை இறக்கும்போது காக்கா வந்தார். யார் சொன்னது என்று தெரியாது. ஏறி உட்கார்ந்தார். தங்கச்சியைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"தா புள்ள. நான் கொளுத்துறன்."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் தேதியை வாசித்துக் கொடுத்தாள். அவர் தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கிப் போய், கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நூலை இழுத்தார்.

முதலாவது எரிந்தது. பகல் வெயிலிலும் கண் கூசியது. கீழே தண்ணீர் சிவந்தது. காக்காவின் காலுக்கு அடியில் மணலில் ஓடிய நண்டுகூடத் தெரிந்தது.

அதைப் பார்த்ததும் என் மனைவி திரும்பி நின்றுகொண்டாள்.

புதியவை எல்லாம் எரிந்தன. பிறகு பழையவை வந்தன. தங்கச்சி தேதியை வாசிப்பதை நிறுத்தவில்லை. எரிந்தது. அடுத்ததும் எரிந்தது. ஒன்று புகைந்துவிட்டு நின்றது. அவள் அதை வாங்கி ஒரு பக்கம் வைத்தாள். ஒன்று அடிப்பக்கமாக வெடித்துக் காக்காவின் உள்ளங்கையைச் சுட்டது. கையைத் தண்ணீருக்குள் வைத்திருந்தார். நான் போய் வாங்கப் பார்த்தேன். விடவில்லை. மற்றக் கையை அவளிடம் நீட்டினார்.

"அடுத்தத் தா."

பரசூட் வாணம் ஒன்று மேலே போய் நெடுநேரம் தொங்கியது. அக்கரை வாடியில் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். யாரோ கையை ஆட்டினார்கள். நாங்கள் ஆட்டவில்லை. நேவி வரவில்லை. யாரும் வரவில்லை.

பரல் வெறுமையாகியது. காக்கா திட்டில் வந்து உட்கார்ந்தார். கையைப் பார்க்கவில்லை. நான் வெறுங் குழாய்களைப் பொறுக்கிப் பரலுக்குள் போட்டேன். இவற்றையும் எங்கே கொடுப்பது என்று தெரியாது. இன்றைக்கும் அலுமாரிக்கு மேலேதான் இருக்கின்றன.

வாணம் எரியும்போதெல்லாம் தங்கச்சி மணலில் விரலால் ஒரு கோடு இழுத்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. தண்ணீர் ஏறத் தொடங்கியதும், அழியுமுன், குனிந்து எண்ணினாள். பழையது புதியது என்று பிரிக்கவில்லை. ஒரு தரம் எண்ணிவிட்டுத் திரும்பவும் எண்ணினாள்.

ஒன்று கேட்டவள் அவள். எரிந்தவை பதின்மூன்று.